லேண்ட்ஸ்டைனர் ரத்தம் ஏற்றினாரா? நோபலுக்கு ஏன் 29 ஆண்டு?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளிப்படையாகக் கேட்டது: கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல் ரத்த வகைகளைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு 1930-ல்தான் வந்தது, நடுவில் 29 ஆண்டுகள் மருத்துவ உலகம் தூங்கிக்கொண்டிருந்ததா? கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டது: "இவர் ஒரு நோயாளிக்காவது ரத்தம் ஏற்றியிருக்கிறாரா?" எனக்கு இரண்டாவதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பாதி அவிழ்ந்துவிடும். ரத்தம் ஏற்றுவது லேண்ட்ஸ்டைனரின் தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. அவர் பிணப் பரிசோதனைக்கூடத்து மருத்துவர், வேதியியலில் ஊறியவர். ஒரு சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) எதைத் தொடும், எதைத் தொடாது என்ற ஒரே கேள்வியை ஆயுள் முழுக்கக் கேட்டவர். ரத்தம் ஏற்றும் மருத்துவத்தை உருவாக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் தங்கள் சிக்கல்களைத் தீர்த்து முடித்த பிறகுதான் இவருடைய கண்டுபிடிப்புக்கு வேலை வந்தது.

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1868-ல் பிறந்தார், 1891-ல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் நோயாளிகளிடம் போகாமல் வேதியியல் கற்றார். வூர்ட்ஸ்பர்கில் எமில் ஃபிஷரின் ஆய்வகம், பிறகு மியூனிக், சூரிக். 1896-ல் வியன்னா சுகாதார நிலையத்தில் மாக்ஸ் ஃபான் க்ரூபரின் உதவியாளர் ஆனார். இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு நோய்க்கு எதிர்ப்புப் பெற்ற உடலின் சீரத்தை அந்தந்த நோய்க்கிருமியோடு கலந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன என்று க்ரூபரும் டர்ஹமும் எழுதியது அதே 1896-ல்தான். லேண்ட்ஸ்டைனரின் வாழ்நாள் கருவி அங்கேதான் கைக்கு வந்தது. கிருமிக்குப் பதில் சிவப்பணுவை வைத்தால் ரத்த வகைச் சோதனை, அவ்வளவுதான். 1898 முதல் 1908 வரை நோய்க்கூறு உடற்கூறியல் துறையில் இருந்தார். அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 3,600 பிணப் பரிசோதனைகள் செய்தார். ரத்த வகை ஆய்வு அந்த வேலைக்கு நடுவே செய்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம். நம் பாடப்புத்தகங்கள் சில, "பொருந்தாத ரத்தம் சேர்ந்தால் உறைந்துவிடும்" என்று எழுதுகின்றன. அது தவறு. உறைதல் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலை உருவாவதால் நடப்பது. திரளுதல் அப்படியல்ல: எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும் ரத்தப் புரதம்) ஒரு கையால் ஒரு சிவப்பணுவையும் இன்னொரு கையால் அடுத்த சிவப்பணுவையும் பிடித்துக் கோப்பது. சீரத்தில் ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜென் கிடையாது, ஆனாலும் திரளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்த வரலாறு முழுவதுமே புரியாது, ஏனென்றால் 1901-க்குப் பிந்தைய 15 ஆண்டுகளின் தடை உறைதல்தான், திரளுதல் அல்ல.

மனித சீரம் மற்றொரு மனிதனின் சிவப்பணுக்களைத் திரள வைப்பதை லேண்ட்ஸ்டைனருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். லண்டனில் ஷாட்டக் பார்த்தார். ஆனால் பார்த்தது நோயாளிகளின் சீரத்தில். ஆகவே அதை நோயின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1900-ல் லேண்ட்ஸ்டைனர் எழுதிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில், ஆரோக்கியமானவர்களின் சீரமும் வேறு ஆட்களின் சிவப்பணுக்களைத் திரள வைக்கிறது, இது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடா அல்லது கிருமி போன்ற ஏதோ பாதிப்பின் விளைவா என்பதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு பார்த்தும்விட்டார்.

1901 சோதனையின் அழகு அதன் கட்டமைப்பில் இருக்கிறது. ஆய்வகத்திலேயே இருந்த ஆறு ஆரோக்கியமான ஆண்கள், அவர்களில் ஒருவர் லேண்ட்ஸ்டைனர். ஒவ்வொருவர் ரத்தத்தையும் சீரம், சிவப்பணு என்று பிரித்தார். சிவப்பணுக்களை 0.6 சதவீத உப்புக் கரைசலில் ஏறக்குறைய 5 சதவீதக் கலவையாக்கி, அதே அளவு சீரத்தோடு கலந்தார். சோதனைக்குழாயிலோ, கண்ணாடித் தகட்டில் தொங்கும் துளியாகவோ பார்த்தார். ஒவ்வொரு சீரமும் ஆறு பேரின் சிவப்பணுக்களோடும், அதாவது சொந்த சிவப்பணுவோடும் சேர்த்து. 36 கட்டங்கள். 16-ல் திரட்சி, 20-ல் இல்லை. மூலைவிட்டத்தில் உள்ள ஆறு கட்டங்களிலும், அதாவது அவரவர் சீரம் அவரவர் அணுவோடு சேர்ந்த இடத்தில், ஒன்றில்கூடத் திரட்சி இல்லை. மீதியைப் பார்த்தால் ஆறு பேரும் இரண்டிரண்டு பேராக விழுகிறார்கள். ஒரு ஜோடிக்குள் எதுவும் நடப்பதில்லை. இரண்டாம் ஜோடிக்குள்ளும் நடப்பதில்லை. ஆனால் இந்த இரண்டு ஜோடிகளும் ஒன்றையொன்று இரு திசையிலும் திரள வைக்கின்றன. மூன்றாம் ஜோடியின் சீரம் மற்ற நால்வரையும் திரள வைக்கிறது. அவர்களுடைய சிவப்பணுக்களை யாருடைய சீரமும் தொடுவதில்லை. லேண்ட்ஸ்டைனர் அந்த மூன்றாம் ஜோடியில் ஒருவர். அவர் அதற்கு வைத்த பெயர் சி. இன்று ஓ என்கிறோம். ஓ, ஏபி என்ற பெயர்கள் பத்தாண்டு கழித்து ஹைடல்பர்கில் ஃபான் டுங்கெர்னும் ஹிர்ஷ்ஃபெல்டும் வைத்தவை.

இந்த அட்டவணையிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் மேதைமை. சிவப்பணுவில் இரண்டு அடையாளங்கள் இருக்கலாம். ஒருவரிடம் எந்த அடையாளம் இல்லையோ அதற்கு எதிரான பொருள் அவர் சீரத்தில் இருக்கும். இதை இன்றும் லேண்ட்ஸ்டைனர் விதி என்றே சொல்கிறார்கள். அதனால்தான் ரத்த வங்கியில் ஒரே மாதிரியை இரண்டு வழியில் சோதிக்கிறார்கள். ஃபார்வர்டு குரூப்பிங்கில் தெரிந்த எதிர்ப்பொருளை வைத்து உங்கள் அணுவைப் பார்க்கிறார்கள். ரிவர்ஸ் குரூப்பிங்கில் தெரிந்த ஏ, பி அணுக்களை வைத்து உங்கள் சீரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. ஏ, பி தவிர வேறு எந்த வகைக்கும் இந்த இரட்டைப் பூட்டு வசதி கிடையாது, ஏனென்றால் இயல்பாகவே, யாரும் ரத்தம் ஏற்றாமலே, எதிர்ப்பொருள் இப்படித் தவறாமல் இருப்பது இந்த ஒரு வகைமையில்தான்.

செய்முறையில் எங்கே கோட்டை விடலாம் என்பதையும் சொல்கிறேன். அப்போதுதான் 1901-ல் இவ்வளவு சுத்தமான அட்டவணை கிடைத்தது எவ்வளவு கவனத்தின் பலன் என்று புரியும். இன்றைய டியூப் முறையில் இரண்டு துளி சீரம், மும்முறை சலைனில் (உப்புக் கரைசலில்) கழுவிய 2 முதல் 5 சதவீத அணுக் கலவை ஒரு துளி, சில விநாடிகள் சென்ட்ரிஃப்யூஜ், பிறகு அடியில் படிந்த பொத்தானை மெதுவாக அசைத்துப் பார்ப்பது. வேகமாக உலுக்கினால் பலவீனமான திரட்சி கலைந்து 'இல்லை' என்று தோன்றும். அணுக்களைக் கழுவாமல் விட்டால் பிளாஸ்மாவில் புரதம் அதிகமுள்ள நோயாளிகளில் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் அடுக்கிக்கொண்டு, திரட்சி என்று ஏமாற்றும்; ரிவர்ஸில் அப்படி வந்தால், சீரத்தை எடுத்துவிட்டு அதே அளவு சலைன் விட்டால் அடுக்கு கலையும், உண்மைத் திரட்சி கலையாது. அறை குளிர்ந்திருந்தால் குளிர் எதிர்ப்பொருள்கள் சொந்த அணுவையே கோக்கும். அப்போது மூலைவிட்டம் கெட்டுவிடும், 37 டிகிரியில் வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் சொந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது, அதனால் ரிவர்ஸ் பார்ப்பதில் பொருள் இல்லை. சொந்த அணுவோடு சொந்த சீரத்தைச் சேர்க்கும் அந்த ஆறு கட்டங்கள் வெறும் அலங்காரம் அல்ல. அவை இல்லாவிட்டால் மீதி முப்பது கட்டங்களை நம்ப முடியாது. இன்றைய ஆட்டோ கன்ட்ரோல் அதுவே.

அவர் ஏன் ஏபி-யைத் தவறவிட்டார் என்று பலர் கேட்பார்கள். அந்தக் கட்டுரையில் மொத்தம் 22 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் ஏபி என்று வைத்துக்கொண்டால், 22 பேரில் ஒருவர்கூட ஏபி இல்லாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. கவனக்குறைவு எதுவுமில்லை, எண்ணிக்கை சிறியது, அவ்வளவே. 1902-ல் டெகாஸ்டெல்லோவும் ஸ்டூர்லியும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, இந்த மூன்றிலும் அடங்காத சிலரைக் கண்டார்கள். இந்த ஸ்டூர்லி முதல் அட்டவணையில் இருந்த ஆறு பேரில் ஒருவர்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1901 கட்டுரையின் கடைசி வாக்கியத்தில் லேண்ட்ஸ்டைனர், மனித ரத்தம் ஏற்றும் சிகிச்சையில் விளைவுகள் ஆளுக்கு ஆள் மாறுவதை இந்தக் கண்டுபிடிப்பு விளக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார். ஆக, அவருக்குத் தெரியாமல் இல்லை. துணியில் காய்ந்து 14 நாளான ரத்தத் துளியைக் கரைத்தாலும் சோதனை வேலை செய்கிறது என்று குற்றப் புலனாய்வுக்கான குறிப்பும் அதே கட்டுரையில் உண்டு. படித்தவர்களுக்கு அது அவசரமாகத் தெரியவில்லை. காரணம், 1901-ல் ரத்தம் ஏற்றுவது கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட சிகிச்சை. 1818-ல் பிளண்டெல் லண்டனில் மனித ரத்தம் ஏற்றத் தொடங்கினார். 1870-களில் ஆட்டு ரத்தம் ஏற்றும் ஒரு மோகம் ஐரோப்பாவில் வந்து போனது. வேற்று விலங்கின் சீரத்தில் சிவப்பணுக்கள் உடைவதை லாண்டோயிஸ் 1875-ல் காட்டியது அந்த மோகத்தை அடக்கியது. அதன்பின் ரத்தம் இழந்தவருக்கு உப்புக் கரைசல் ஏற்றுவதே மலிவு, எளிது என்று மருத்துவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். யாரும் செய்யாத சிகிச்சையின் ஆபத்தைக் குறைக்கும் சோதனையை யார் தேடுவார்கள்?

செய்ய முயன்றவர்களுக்கோ வேறு தலைவலி. உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அலெக்சிஸ் காரல் ரத்தக்குழாய்களைத் தைக்கும் நுணுக்கத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஜார்ஜ் கிரைல் போன்றவர்கள் கொடையாளரின் மணிக்கட்டுத் தமனியை நோயாளியின் சிரையோடு நேராக இணைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரு அறுவை சிகிச்சை. கொடையாளர் தமனியை இழக்கிறார். எவ்வளவு ரத்தம் போனது என்று அளக்க வழியில்லை; நோயாளி முகம் சிவக்கிறதா, கொடையாளர் வெளிறுகிறாரா என்று பார்த்து நிறுத்த வேண்டும். 1913 வாக்கில் உள்ளே மெழுகு பூசிய கண்ணாடிக் குழாய்கள் வந்தன. மெழுகு உறைதலைத் தள்ளிப்போட்டது, ஆனால் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தாலும் அங்கே உறைவு பிடிக்கும்.

இந்த நிலையில் ரத்த வகை பார்க்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இது கணக்கு, நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியர் பெரும்பான்மையான ஓர் ஊரில் ஓ 45, ஏ 40, பி 11, ஏபி 4 என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொடையாளரைப் பிடித்தால் அவருடைய அணுக்கள் நோயாளிக்குப் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 64. (நம்மூரில் பி அதிகம், ஓ 37, ஏ 23, பி 33, ஏபி 7 என்று வைத்தால் அது 58 ஆகக் குறையும்.) பொருந்தாத ரத்தம் போனவர்களும் எல்லோரும் இறப்பதில்லை. ஏறிய அளவு, எதிர்ப்பொருளின் வீரியம் எல்லாவற்றையும் பொறுத்து, பெரிய தீங்கு தெரியாமலே தப்பிப்பவர்கள் கணிசமாக உண்டு என்பது இன்றைய பிழை அறிக்கைகளிலிருந்தும் தெரிகிறது. அத்துடன் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் ஏற்கெனவே சாகக் கிடந்தவர்கள். பத்து பேருக்கு ஏற்றிய ஒரு சர்ஜனுக்கு ஆறேழு பேர் சரியாகப் பொருந்தியிருப்பார்கள், மீதியில் ஓரிருவர் காய்ச்சலோடு தப்பியிருப்பார்கள், இறந்தவர் நோயால் இறந்தார் என்று எழுதியிருப்பார். குருட்டு அதிர்ஷ்டம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது சோதனைக்கூடத்துக்கு ஆள் அனுப்பத் தோன்றாது. 19-ஆம் நூற்றாண்டு மரணங்களை எல்லாம் "குரூப் பொருந்தாததால்" என்று இன்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். காற்று புகுந்தது, கிருமி புகுந்தது, உறைவு புகுந்தது, அதிகமாக ஏற்றியது என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. எந்த மரணம் எதனால் என்பதைப் பிரித்துச் சொல்லும் ஆதாரம் பெரும்பாலானவற்றில் கிடையாது.

எல்லோரும் தூங்கிவிடவில்லை. நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் ரூபன் ஓட்டன்பர்க் 1907-லேயே ஏற்றும் முன் இரு ரத்தத்தையும் சோதிக்கத் தொடங்கினார். 1913-ல் அவரும் கலிஸ்கியும் 128 முறை ரத்தம் ஏற்றிய அனுபவத்தை வைத்து, முன்சோதனை செய்தால் விபத்துகளைத் தவிர்க்கலாம் என்று எழுதினார்கள். அப்போதும் பல சர்ஜன்கள் கேட்கவில்லை. நேரடி இணைப்பில் கொடையாளர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார், அவசரம், பெரும்பாலும் உறவினர். சோதனைக்கு நேரம் ஏது?

ஆட்டத்தை மாற்றியது சோடியம் சிட்ரேட். உறைதலுக்குக் கால்சியம் அயனி வேண்டும். சிட்ரேட் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. நோயாளி உடலுக்குள் போனதும் கல்லீரல் சிட்ரேட்டை எரித்துவிடும், ரத்தம் பழையபடி உறையும். 1914 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் ஹுஸ்டின், நவம்பரில் பியூனஸ் அயர்ஸில் அகோட்டே, 1915 தொடக்கத்தில் நியூயார்க்கில் லூயிசன். முதல் ஆள் யார் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மூவரும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். ஆனால் அளவைக் கண்டறிந்தவர் லூயிசன்: 0.2 சதவீதம் போதும், அதைவிட ஐந்து மடங்கு போனால் நச்சு. ஆய்வகத்தில் சிட்ரேட் உறைதலைத் தடுக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1 சதவீதம் பயன்படுத்திப் பழகியதால் மனிதருக்கு ஆகாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குறைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அதன்பிறகும் சிட்ரேட் ரத்தம் ஏற்றினால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருகிறது என்று பல ஆண்டுகள் பழி இருந்தது. குற்றவாளி சிட்ரேட் அல்ல, சரியாகக் கழுவாத ரப்பர் குழாய்களில் தங்கிய கிருமி எச்சம் என்று அதே லூயிசன் 1930-களில் காட்டினார்.

1916-ல் ராக்ஃபெல்லர் நிலையத்தில் பெய்ட்டன் ரௌஸும் டர்னரும் இன்னொரு படி ஏறினார்கள். ரத்தம் மூன்று பங்கு, 3.8 சதவீத சிட்ரேட் இரண்டு பங்கு, 5.4 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஐந்து பங்கு. சிவப்பணு உயிரோடு இருக்க சர்க்கரை வேண்டும் என்பதுதான் இதன் சாரம். அளவு அதிகம், அதனால் அணுக்கள் அடியில் படிந்த பிறகு மேலே நிற்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டே ஏற்ற வேண்டும். ராக்ஃபெல்லரில் ரௌஸோடு வேலை பார்த்த ஆஸ்வால்ட் ராபர்ட்சன் 1917-ல் பிரான்ஸ் போர்முனையில் இந்தக் கரைசலில், ஓ வகை ரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்து, 26 நாள் வரை சேமித்துப் பயன்படுத்தினார். லேண்ட்ஸ்டைனரின் அட்டவணை முதன்முறையாக அவசியமாவது இங்கேதான். கொடையாளர் பக்கத்தில் இல்லை, ரத்தம் பாட்டிலில் இருக்கிறது, யாருக்கு ஏற்றப்போகிறோம் என்று தெரியாது. பாட்டிலின் மேல் ஒரு எழுத்து எழுதியே ஆக வேண்டும்.

அந்த எழுத்திலும் ஒரு குளறுபடி. பிராகில் யான்ஸ்கி 1907-ல் வகைகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்தார். ஓ வகை 1, ஏபி 4. பால்டிமோரில் மாஸ் 1910-ல், யான்ஸ்கியைப் பார்க்காமலே, தலைகீழாக எண் கொடுத்தார். ஏபி 1, ஓ 4. 2-உம் 3-உம் இரண்டிலும் ஒன்று. ஓர் ஊரில் "1-ஆம் வகை" யாருக்கும் கொடுக்கலாம், அடுத்த ஊரில் அதே "1-ஆம் வகை" ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபத்து. அமெரிக்க மருத்துவமனைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. 1920-களின் கடைசியில்தான் ஏ, பி, ஓ எழுத்துகள் பொதுவழக்காயின. இது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் அந்த 29 ஆண்டுகளைத் தின்றன.

இதற்குள் லேண்ட்ஸ்டைனர் என்ன செய்துகொண்டிருந்தார்? பெரும்பாலும் வேறு வேலை. 1904-ல் டோனாத்தோடு சேர்ந்து, குளிரில் சிறுநீர் சிவப்பாகப் போகும் ஒரு நோயை ஆராய்ந்தார்: எதிர்ப்பொருள் குளிரில் அணுவில் ஒட்டுகிறது, சூடாகும்போது அணு உடைகிறது. பனியில் வைத்து எடுத்து 37 டிகிரிக்கு மாற்றிப் பார்க்கும் அந்தச் சோதனை இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. 1908-ல் போலியோவால் இறந்த சிறுவனின் தண்டுவடத்தைக் குரங்குகளுக்குச் செலுத்தி, நோய் தொற்றக்கூடியது என்று போப்பரோடு காட்டினார். முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவில் பட்டினி. 1919-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனார். வழக்கமான சோதனைக்கூட வேலைகளுக்கு நடுவே, அங்கேதான் ஹாப்டென் என்ற கருத்தை வளர்த்தார்: தனியாக எதிர்ப்பொருளைத் தூண்ட முடியாத சிறு மூலக்கூறு, ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் தூண்டும். நான் தரவரிசை போட்டால், நோயெதிர்ப்பியல் என்ற அறிவியலுக்கு ரத்த வகையைவிட இதுவே பெரிய கொடை. சீரம் வினைகளின் தனித்தன்மை பற்றி அவர் 1933-ல் வெளியிட்ட நூலும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. 1920-களின் தொடக்கத்தில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையம் அழைத்தது.

நோபல் ஏன் 1930-ல் என்பதற்கு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பரிசுக் குறிப்பு "மனித ரத்த வகைகளைக் கண்டுபிடித்ததற்காக" என்கிறது, ஹாப்டெனுக்காக அல்ல. மற்றது ஊகம், ஆனால் ஆதாரம் உள்ள ஊகம் என்று நினைக்கிறேன். 1920-க்கு முன் அந்தக் கண்டுபிடிப்பின் பயனைச் சுட்டிக்காட்ட ஒருவர் கஷ்டப்பட்டிருப்பார். 1921-ல் லண்டனில் பெர்சி ஆலிவர் தன்னார்வக் கொடையாளர் பட்டியலைத் தொடங்கினார். 1924-ல் பெர்ன்ஸ்டைன் ஏ, பி, ஓ எப்படி மரபுவழி இறங்குகிறது என்று கணித வழியில் சரியாகக் காட்டினார். ஜெர்மன் நீதிமன்றங்கள் தந்தை யார் என்ற வழக்குகளில் ரத்த வகையை ஏற்கத் தொடங்கின. 1930-ல் பயன் கண்முன்னே இருந்தது.

கதை அங்கே முடியவில்லை, அவருடைய கருவியின் எல்லை தெரிவது அதன்பிறகுதான். 1927-ல் அவரும் ஃபிலிப் லெவைனும் மனித அணுக்களை முயல்களுக்குச் செலுத்தி, கிடைத்த சீரத்தால் எம், என், பி (ஆங்கில P; பழைய B அல்ல) என்ற புதிய அடையாளங்களைக் கண்டார்கள். இவை ஏன் 1901-ல் தெரியவில்லை என்றால், இவற்றுக்கு எதிரான பொருள் ஏ, பி-க்கு இருப்பதுபோல எல்லோர் சீரத்திலும் இயல்பாக இருப்பதில்லை. 1939-ல் லெவைனும் ஸ்டெட்சனும் ஒரு தாயைப் பற்றி எழுதினார்கள்: குழந்தை இறந்து பிறந்தது, கணவனின் ரத்தத்தை ஏற்றியதும் கடும் எதிர்வினை, இருவரும் ஓ வகை. அந்தத் தாயின் சீரம் 104 ஓ ரத்தங்களில் 80-ஐத் திரள வைத்தது. அடுத்த ஆண்டு, ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வகத்தை விடாத லேண்ட்ஸ்டைனர், அலெக்சாண்டர் வீனரோடு சேர்ந்து ரீசஸ் குரங்கின் அணுவைச் செலுத்திய முயல்களின் சீரம் நியூயார்க்வாசிகளில் சுமார் 85 சதவீதத்தினரின் அணுக்களைத் திரள வைப்பதாக அறிவித்தார். ஆர்எச் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. யாருக்கு முன்னுரிமை என்று லெவைனும் வீனரும் பிறகு நெடுங்காலம் சண்டை போட்டார்கள். இதில் உறுதியானதைச் சொல்கிறேன்: குரங்கு ரத்தத்தால் கிடைத்த எதிர்ப்பொருள் கண்ட அடையாளமும், அந்தத் தாயின் சீரம் கண்ட டி அடையாளமும் (இன்று ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது இதைத்தான்) ஒன்றல்ல. டி உள்ளவர்களிடம் முதலாவது அதிகமாக இருப்பதால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. பின்னாளில் முதலாவதற்கு லேண்ட்ஸ்டைனர், வீனர் இருவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்டபிள்யூ என்று பெயர் வைத்தார்கள், வைத்தவர் லெவைன். ஆர்எச் என்ற பெயர் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

ஏ, பி-க்கும் டி-க்கும் நடுவே ஏன் 40 ஆண்டு என்பதற்கு விடை எதிர்ப்பொருளின் வடிவத்தில் இருக்கிறது. ஏ, பி-க்கு எதிரானவை பெரும்பாலும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ரகம். பத்துப் பிடிகளுள்ள பெரிய மூலக்கூறு. சலைனில் சிவப்பணுக்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும் இடைவெளியை அது எட்டித் தாண்டிவிடும். டி-க்கு எதிரானவை பெரும்பாலும் ஐஜிஜி என்ற இன்னொரு ரகம். இரண்டே பிடி, குட்டையானது, ஓர் அணுவில் ஒட்டும், அடுத்ததை எட்டாது. லேண்ட்ஸ்டைனர் முறையில் பார்த்தால் குழாயில் ஒன்றுமே நடக்காது, நோயாளி உடலில் அணுக்கள் அழிந்துகொண்டிருக்கும். லேண்ட்ஸ்டைனர் 1943 ஜூனில் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, இரண்டு நாளில் இறந்தார். அதே ஆண்டு லௌடிட்டும் மோலிசனும் சிட்ரேட்டோடு அமிலம் சேர்த்தார்கள். அதனால் டெக்ஸ்ட்ரோஸ் கருகாமல் ஒரே பாட்டிலில் சேர்த்தே கொதிநீராவியில் கிருமிநீக்க முடிந்தது, ரத்தம் 21 நாள் தாங்கியது. 1945-ல் கேம்பிரிட்ஜில் கூம்ப்ஸ், மூரண்ட், ரேஸ் மூவரும், மனித எதிர்ப்பொருளுக்கே எதிரான முயல் சீரத்தை ஒட்டுப் பாலமாகச் சேர்த்து, எட்டாத அந்தக் கைகளைக் கோத்துவிட்டார்கள். உங்கள் ஊர் ரத்த வங்கியில் முழுமையான கிராஸ்மேட்ச் (கொடையாளர் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை) கேட்டால் இரண்டும் செய்வார்கள்: முதலில் சலைனில் 1901-ன் சோதனை, பிறகு 37 டிகிரியில் வைத்துக் கழுவி 1945-ன் சோதனை. முதலாவது ஐந்து நிமிடம், இரண்டாவதுக்குத்தான் உங்களை முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்.